பின்வாசல் விருந்தாளிகள்

காலை 6 மணிக்கு வானொலியில் உற்சாகமாக ‘வணக்கம்’ சொல்ல வேண்டுமென்றால், ரந்தாவுக்கும் லிங்கிக்கும் இடையில் குடியிருக்கும் நான் அதிகாலை 3.30-க்கே எழுந்தாக வேண்டும். 4.15-க்குக் காரை எடுப்பேன். வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு மூன்று கிலோமீட்டர். இரண்டு பக்கமும் செம்பனை. தெருவிளக்கு கிடையாது.

அந்த மூன்று கிலோமீட்டரில் நான் பார்த்ததை எல்லாம் சொன்னபோது, நிலையத்தில் உடன் வேலை செய்பவர்கள் நம்பவில்லை. சாலையை நிதானமாகக் கடக்கும் முசாங். தாயின் பின்னால் வரிசையாக ஓடும் காட்டுப்பன்றிக் குட்டிகள். ஒருநாள் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு கண்கள் மின்னின. அருகில் போனால், வீட்டுப் பூனை அளவில், உடம்பெல்லாம் புள்ளியாக ஒரு சிறுத்தைப்பூனை. வாயில் எலி. என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, ஓலைக் குவியலுக்குள் போய்விட்டது.

“படம் எங்கே?” என்றார்கள்.

படம் இல்லை. அந்தக் கேள்விதான் என்னைக் கேமரா வாங்க வைத்தது.

திரும்பி வந்த கதை

படிப்பு முடித்து, வேலை கிடைத்து, பத்து ஆண்டுகள் தலைநகரில் அடுக்குமாடி வீட்டில் இருந்தவள் நான். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, தனியாக இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ள நெகிரி செம்பிலானுக்கு வந்தேன். இரண்டு வாரம் என்று நினைத்து இரண்டு பை துணியோடு வந்தவள், பிறகு திரும்பிப் போகவே இல்லை.

அம்மாவின் வீடு லயத்து வீடு அல்ல. லயங்களை உடைத்த பிறகு, தோட்டத்தின் ஓரத்தில் வாங்கிய சிறிய வரிசை வீடு. பின்கட்டில் ஒரு பப்பாளி, இரண்டு வாழை, கறிவேப்பிலை, துணி காயப்போடும் கம்பி. அதற்கு அப்பால் வேலி, ஒரு கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் செம்பனை.

பழைய கேமரா ஒன்றும் 70-300 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் இரண்டாம் கையாக வாங்கினேன். நம் நாட்டு ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும் என்று விற்றவர் எச்சரித்தார். அதைக் கேட்ட அம்மா, மறுநாளே கேமராவைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டார். லென்சில் ஒட்டிய தவிட்டைத் துடைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவும், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களும் போதுமானதாக இருக்கின்றன.

தோட்டத்தின் பெயரை நான் எழுதவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். நன்றாகப் பாடும் முராய் பறவைக்குக் கூண்டுச் சந்தையில் நல்ல விலை உண்டு. படம் எடுத்த இடத்தை முகநூலில் போட்டால், அடுத்த வாரம் வலையோடு யாராவது வருவார்கள். அதனால் பறவைப் படம் எடுப்பவர்கள், குறிப்பாகக் கூடு இருக்கும் இடத்தை, வெளியே சொல்வதில்லை. நான் முதலில் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்.

சமையலறைச் சன்னல்

காட்டுக்குள் போகவேண்டும், மறைவிடம் கட்டவேண்டும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். எங்கள் சமையலறைச் சன்னலே நல்ல மறைவிடம் என்று தெரிய ஒரு மாதம் ஆனது. வெளியே நின்றால் பறக்கிற பறவைகள், சன்னலுக்குள் அம்மா தாளிக்கும்போது கண்டுகொள்வதில்லை. அவற்றுக்கு அந்தச் சத்தம் பழகிப்போயிருக்கிறது.

முதல் விருந்தாளி அணில். நம் வீடுகளில் அணில் கதை தெரியாத பிள்ளை இல்லை. இராமர் தடவிக்கொடுத்த மூன்று விரல் கோடு அதன் முதுகில் இருக்கும் என்று பாட்டி சொல்லித்தான் வளர்ந்தோம். ஆனால், இங்கே பப்பாளி தின்ன வருகிற அணிலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதுகில் கோடே இல்லை. விலாவில்தான் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு, வயிறு செங்கல் நிறம். தமிழ்நாட்டு அணில் வேறு இனம், இது வேறு இனம். முப்பது ஆண்டு அணிலைப் பார்த்தும், கதையில் இருந்த கோட்டைத்தான் பார்த்திருக்கிறேன். கேமரா வந்த பிறகுதான் அணிலைப் பார்த்தேன்.

துணிக் கம்பியில் வந்து உட்காரும் வெண்மார்பு மீன்கொத்தியும் அப்படித்தான். பெயரில்தான் மீன் இருக்கிறது. எங்கள் வீட்டில் அது கொத்துவது வெட்டுக்கிளி, பல்லி, சில நாள் சின்ன ஓணான். தென்னை மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பறக்கும் பல்லி, விலா எலும்புகளை நீட்டித் தோலை விசிறி போல விரித்து அடுத்த மரத்துக்கு மிதந்து போகும். அதைப் பறக்கும்போது எடுக்க நான்கு மாதம் முயன்றேன். இன்றுவரை கிடைத்தது வால் மட்டும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பப்பாளி மரத்தில் ஓர் இருவாட்சி வந்து இறங்கியது. மஞ்சள் அலகின் மேல் இன்னோர் அலகு வைத்தது போன்ற கொண்டை. அம்மா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். “சின்ன புள்ளையில ஆத்தோரம் பாத்தது. வீட்டுக்கே வருதே” என்றார். அந்தப் படம் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது. கை ஆடியது மகிழ்ச்சியில்.

அம்மாவின் வேலையை எடுத்த வண்டு

என் படங்களிலேயே அம்மா அதிக நேரம் பார்த்த படம் எது தெரியுமா? மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கரும்பழுப்பு வண்டு.

செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனிக் கொத்துகளாக வரும். ஆண் பூ மலர்ந்தால் சோம்பு வாசனை அடிக்கும். காலை வெயிலில் அதன் அருகே போனால் நூற்றுக்கணக்கான சின்ன வண்டுகள் மொய்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம். லென்சைத் திருப்பிப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவற்றில் ஒன்றை எடுத்தேன். உடம்பெல்லாம் மஞ்சள் மகரந்தம்.

படத்தைக் காட்டியதும் அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். “இவன்தானா அது?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அன்றைக்குத்தான் அந்தக் கதை வெளியே வந்தது. அம்மா பதினேழு வயதில் தோட்டத்து வேலைக்குப் போனபோது, அவருக்குக் கிடைத்தது பூவுக்கு மகரந்தம் தெளிக்கும் வேலை. ஆண் பூவில் சேகரித்த மகரந்தத்தை முகப்பவுடர் மாவோடு கலந்து, சிறு குப்பியில் அடைத்துக் கொடுப்பார்கள். மரம் மரமாகப் போய், மலர்ந்திருக்கும் பெண் பூவைத் தேடி, மட்டை முள்ளுக்குள் கையை விட்டு ஊத வேண்டும். எல்லாப் பூவும் ஒரே நாளில் மலராது என்பதால், அதே மரத்துக்குத் திரும்பத் திரும்ப வரவேண்டும். பல தோட்டங்களில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள்.

செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். 1917-இல் சிலாங்கூர் தென்னமரம் தோட்டத்தில்தான் நம் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு. மரம் வந்தது, அதன் பூவோடு வாழ்ந்த வண்டு வரவில்லை. காற்றுதான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது என்று நீண்ட காலம் நம்பினார்கள். ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூன் நாட்டில் ஆராய்ந்து, அந்த வேலையைச் செய்வது வண்டுகளே என்று காட்டினார். 1981-இல் அந்த வண்டு கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு நம் நாட்டில் விடப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் நாடு முழுவதும் பரவியது. கையால் மகரந்தம் தெளிக்கும் வேலை முடிவுக்கு வந்தது.

“ஒருநாள் பெரட்டுல, இனிமே அந்த வேலை இல்லன்னு சொன்னாங்க. பூச்சி வந்துருச்சுன்னாங்க. நாங்க சிரிச்சோம். பூச்சி எப்படி எங்க வேலைய செய்யும்னு” என்றார் அம்மா.

அதன் பிறகு அவர் உதிரிப் பழம் பொறுக்கினார், புல்லுக்கு மருந்தடித்தார், நாற்றங்காலில் நின்றார். நாற்பது ஆண்டு கழித்து, தன் வேலையை எடுத்துக்கொண்டவனை இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறார். கோபம் எதுவும் இல்லை. “பாவம், இவனையும் கூட்டிக்கிட்டுத்தான வந்தாங்க” என்றார்.

அந்த ஒரு வரி என்னை நீண்ட நேரம் யோசிக்க வைத்தது. ரப்பர் பிரேசிலிலிருந்து வந்தது. செம்பனையும் வண்டும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. நம் முன்னோர்கள் கங்காணிகளோடு கப்பலில் வந்தார்கள். தோட்டம் என்ற கணக்குப் புத்தகத்தில் எல்லோரும் ஏதோ ஒரு வேலைக்காக எழுதப்பட்டவர்கள். வந்த பிறகு, வேலை முடிந்தும், இதுவே ஊராகிப்போனது.

கத்தினால் சாவா?

கால்வாய்க்கு அந்தப் பக்கம், நான்காவது வரிசையில், கம்பத்தின் மேல் ஒரு பலகைப் பெட்டி இருக்கிறது. வெண்கூகைக்காகத் தோட்டத்தில் வைத்தது. முகம் இதய வடிவில் வெள்ளையாக இருக்கும் ஆந்தை அது. மலாயில் ‘புங்குக் ஜெலாப்பாங்’ என்பார்கள். ‘ஜெலாப்பாங்’ என்றால் நெற்களஞ்சியம்.

தீபகற்ப மலேசியாவில் 1960-களுக்கு முன் இந்தப் பறவை மிக அரிது. செம்பனை பெருகியது, பழம் தின்னும் எலி பெருகியது, எலியைத் தேடி வெண்கூகையும் பெருகியது. மரப்பொந்து இல்லாத தோட்டத்தில் முட்டையிட இடம் வேண்டுமே என்று, ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒன்றாகப் பெட்டி வைக்கத் தொடங்கினார்கள். ஒரு சோடி கூகையும் அதன் குஞ்சுகளும் ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னும். அதன் முகமே ஒரு காது. இதய வடிவத் தட்டு ஒலியைக் குவித்துக் கொடுக்கும். இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லாததால், கும்மிருட்டிலும் எலி நகரும் இடம் துல்லியமாகத் தெரியும். வானொலிக்காரிக்கு இதைவிடப் பிடித்த பறவை இருக்க முடியுமா?

ஆனால், அம்மாவுக்கு அது சாவுப் பறவை. பிற ஆந்தைகள் போல இது ‘ஊ… ஊ…’ என்று கூவாது. புதுத் துணியைக் கிழிப்பது போன்ற அலறல். 2011-இல் அப்பா இறந்த இரவு, வீட்டுக்குப் பின்னால் அது அலறியது. அதிலிருந்து, அந்தச் சத்தம் கேட்டால் அம்மா பின்பக்கச் சன்னலைச் சாத்திவிட்டு விளக்கேற்றுவார். நான் கூகையைப் படம் எடுக்கப் போகிறேன் என்றதும் இரண்டு நாள் பேசவில்லை.

நான் வாதாடவில்லை. தினமும் மாலை 7 மணிக்கு வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஃபிளாஷ் கூடாது, பெட்டிக்குக் கீழே போகக் கூடாது, குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிட்டுக் கூப்பிடக் கூடாது. இந்த மூன்றையும் எனக்கு நானே விதித்துக்கொண்டேன். பெட்டிக்குள்ளிருந்து குஞ்சுகள் சீறும் சத்தம் கேட்கும். வெண்கூகை எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் இடாது. முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கும். அதனால் குஞ்சுகள் படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று சிறியதாக இருக்கும். எட்டாவது வாரம் நெருங்கியபோது நான்கு முகங்கள் வாசலில் வரிசையாகத் தெரிந்தன. வெளிச்சம் போதாமல் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. ஆனாலும் நான்கு முகமும் தெரிந்தன.

அன்றிரவு அம்மாவிடம் படத்தைக் காட்டி, ஒன்று மட்டும் சொன்னேன். “அம்மா, அது தினமும் கத்தியிருக்கும். அன்னைக்குத்தான் நாம தூங்காம இருந்தோம்.”

அம்மா பதில் சொல்லவில்லை. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். கடைசிக் குஞ்சைக் காட்டி, “இது சரியா சாப்பிடல போல” என்றார். மறுநாள் சன்னல் திறந்தே இருந்தது.

ஓரத்தில் ஒரு முருங்கைக் கிளை

இதை எல்லாம் ஏன் இவ்வளவு மெனக்கெட்டு எடுக்கிறேன் என்று சிலர் கேட்கிறார்கள். அதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரு பழைய படம்தான் பதில்.

நான் பிறந்து வளர்ந்தது பத்துக் கதவு லயத்தில். உடைத்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. அந்த லயத்தின் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அப்போது ஃபிலிம் சுருளில் 36 படம்தான். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் அதைச் சேமித்து வைப்பார்கள். தினமும் பார்க்கிற வீட்டை யார் எடுப்பார்கள்? இருப்பது ஒன்றே ஒன்று: என் நான்காம் பிறந்தநாள் படம். நடுவில் நானும் கேக்கும். இடது ஓரத்தில், திறந்திருக்கும் பின்கதவுக்கு வெளியே, ஒரு முருங்கைக் கிளையும் கொடிக்கயிறும். அந்த விரல் நீள ஓரத்தைத்தான் நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டே இருப்போம். “அந்தப் பக்கம்தான் கோழிக்கூண்டு” என்பார் அம்மா. அங்கே படம் முடிந்துவிடும்.

நெகிரியின் தோட்டங்களிலிருந்து சிரம்பானுக்கும் தாமான்களுக்கும் போன எத்தனை குடும்பங்களின் படப் பெட்டியில் இதே கதை இருக்கும்! நடுவில் இருப்பவர்கள் தெளிவாக இருப்பார்கள். வாழ்ந்த இடம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கும்.

தமிழில் இயற்கையைப் பற்றி எழுதிய மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளையும் படம் எடுத்தார். அணில், காகம், குயில் என்று வீட்டைச் சுற்றி இருப்பவற்றைப் பற்றியும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தலைப்பில் நூலாகக் கிடைக்கின்றன. புலியைத் தேடிப் போகாதவர்களுக்கும் பார்க்க ஏராளம் இருக்கிறது என்ற தைரியத்தை அந்த நூல்தான் எனக்குக் கொடுத்தது.

நீங்களும் தொடங்கலாம்

கைத்தொலைபேசியே போதும். காலை 7-இலிருந்து 9 வரை, மாலை 5-க்குப் பிறகு, வெளிச்சம் இதமாக இருக்கும். உயிரினத்தின் கண் உயரத்துக்கு நீங்கள் இறங்குங்கள். ஒரே இடத்தில் இருபது நிமிடம் அசையாமல் இருந்து பாருங்கள். கிளையை ஒடிக்காதீர்கள், கூட்டைத் தொடாதீர்கள். குரங்குக்கும் உடும்புக்கும் தீனி போட்டுப் பழக்காதீர்கள். படத்தின் தேதியைக் குறித்து வையுங்கள். இடத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போக ஆசைப்பட்டால், மார்ச் மாதத்தில் போர்ட்டிக்சன் பக்கம் உள்ள தஞ்சோங் துவானுக்குப் போங்கள். சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வடக்கே திரும்பும் தேன்பருந்துகள், கலங்கரை விளக்கத்துக்கு மேலே வட்டமிட்டு உயரும். மலேசிய இயற்கைச் சங்கம் பருந்துகளைப் பார்ப்பதற்கென்றே அங்கு நிகழ்ச்சி நடத்துகிறது. பார்த்துவிட்டுக் கடற்கரையில் பசியாறிவிட்டு வரலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எடுத்த படத்தை வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். பறவையின் பெயர் கிடைக்காமல் போகலாம். ஆனால், ஒரு கதை கட்டாயம் கிடைக்கும்.

சிவப்புச் சாயம்

கடந்த மாதம் கால்வாய்க்கு அப்பால் உள்ள மரங்களில் சிவப்புச் சாயத்தால் குறி போட்டிருக்கிறார்கள். செம்பனையை 25 ஆண்டு அளவில் வெட்டி மறுநடவு செய்வது வழக்கம். அதற்கு மேல் மரம் உயர்ந்துவிட்டால் குலைக்கு அரிவாள் எட்டாது. மறுநடவுதான் என்கிறார் ஓய்வுபெற்ற தண்டல் ஒருவர். வீடுகள் வரப்போகின்றன என்கிறார் மளிகைக்கடைக்காரர். எப்படியும் இந்த மரங்கள் இருக்கப்போவதில்லை.

கூகைக் குஞ்சுகள் நான்கும் பறந்துவிட்டன. அம்மா கவலைப்பட்ட கடைசிக் குஞ்சும்தான். பெட்டியை வெட்டாத பகுதிக்கு மாற்ற முடியுமா என்று தோட்டத்தில் கேட்டேன். அந்தப் பகுதியில் வேலை செய்யும் வங்காளதேசத் தம்பிகள் இருவர், ஒரு மதிய இடைவேளையில் கம்பத்தோடு பிடுங்கி அடுத்த பகுதியில் நட்டுக் கொடுத்தார்கள். இன்னும் எதுவும் குடிவரவில்லை. மாலையில் நாற்காலி மட்டும் இடம் மாறியிருக்கிறது.

போன வியாழக்கிழமை நிகழ்ச்சியில் இருந்தபோது, அம்மாவிடமிருந்து புலனத்தில் ஒரு படம் வந்தது. அவர் எடுத்த முதல் படம். பப்பாளி மரத்தில் ஏதோ ஒன்று மங்கலாக; பாதிப் படத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்திருந்தது. கீழே ஒரு குரல் பதிவு: “பாப்பா, உன் அணிலு வந்துச்சு. நீ இல்லைன்னு நானே எடுத்துட்டேன்.”

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அணில் தெளிவாக இல்லை. ஆனால் அதன் பின்னால் துணிக்கம்பி, வேலி, கால்வாய், சிவப்புக் குறி போட்ட மரங்கள் எல்லாம் முழுதாக விழுந்திருந்தன. தேதியை எழுதிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.